பதினேழாம் நம்பர் பங்கு

இயேசு மரி சூசை துணை

ஏலப்பாறை, மேல் டிவிஷன்
7-8-1977, ஞாயிற்றுக்கிழமை

அன்பு மகள் சிசிலிக்கு,

அம்மா எழுதுவது. மாதா தயவில் இங்கே நானும் ஆட்டுக்குட்டியும் சுகம், முழங்கால் மட்டும் மழை தொடங்கியதிலிருந்து என் பேச்சைக் கேட்பதில்லை. உன் சுகத்தை ஒரே வரியில் எழுதிவிட்டு ராஞ்சி ஆஸ்பத்திரியில் எந்தக் கட்டிலில் யாருக்கு என்ன சீக்கு என்று மூன்று பக்கம் எழுதியிருந்தாய், இந்தத் தடவை நோயாளிகளை ஒரு வரியில் முடித்துவிட்டு உன்னைப் பற்றி மூன்று பக்கம் எழுது. சப்பாத்தி வயிற்றுக்கு ஒத்துக்கொள்கிறதா, தலைக்கு எண்ணெய் வைக்கிறாயா, அந்த இருமல் விட்டதா என்றெல்லாம் நான் கேட்டால்தான் நீ சொல்வாய், கேட்காவிட்டால் உன் அப்பாவைப் போல வாயை மூடிக்கொண்டு இருந்துவிடுவாய்.

இப்போது மத்தியானம் இரண்டு மணி, ஆனால் விடிந்ததா விடியவில்லையா என்று தெரியாத வெளிச்சம். பூசை முடிந்து கோயிலிலிருந்து இறங்கி வரும்போது எனக்கு முன்னால் போனவர்களின் குடை மட்டும் தெரிந்தது, கொஞ்ச தூரத்தில் குடையும் தெரியவில்லை, பேச்சு மட்டும் முன்னால் நடந்து போய்க்கொண்டிருந்தது. கதவைத் திறந்து வைத்தால் மேகம் உள்ளே வந்து அடுப்படி வரைக்கும் நிற்கிறது. நான் விரட்டுவதில்லை, ஒற்றை ஆள் இருக்கிற வீட்டுக்கு எது வந்தால் என்ன. இந்த மாதிரி நாளில் உட்கார்ந்திருந்தால் எது இன்றைக்கு நடந்தது எது பத்து வருடத்துக்கு முன்னால் நடந்தது என்று ஒன்றோடொன்று கலந்துவிடுகிறது, அதனால் கடிதம் முன்பின்னாக இருந்தால் என்னைத் திட்டாதே.

இதற்குள் மடித்து ஒரு அச்சடித்த பாரம் வைத்திருக்கிறேன். அதை முதலில் பிரிக்காதே, நான் எழுதியிருப்பதை முழுக்கப் படித்துவிட்டுப் பிரி. நம் சொசைட்டிக் கடை இருக்கப் போகிறதா, மூடப் போகிறதா என்பது இந்த மாதிரி முப்பத்தெட்டுத் தாளில் இருக்கிறது, அதில் ஒரு தாள் உன் கையெழுத்துக்காக ராஞ்சி வரைக்கும் வருகிறது.

சொசைட்டி தொடங்கியபோது உனக்குப் பதினொரு வயசு, கொஞ்சம் ஞாபகம் இருக்கும். அதற்கு முன்னால் கீழ் ரோட்டில் ஒருத்தன் கடை வைத்திருந்தான், மழையில் நனைந்த அரிசியை நனைந்தபடியே நிறுத்துக் கொடுப்பான், கேட்டால் வேண்டாமென்றால் ஏலப்பாறைக்கு நடந்து போய் வாங்கிக்கொள் என்பான். போக வர பத்து மைல், அதுவும் அட்டைக்கடியில். ஒருநாள் உன் அப்பாவும் பெரியமுத்து சித்தப்பாவும் தேயிலை பாக்டரிக்கு வெளியே கொழுந்து கொட்டுகிற பழைய ஷெட்டில் உட்கார்ந்து, நாமே ஆளுக்கு ஒரு பங்கு போட்டு அரிசி வாங்கினால் என்ன என்று பேசினார்கள், அதற்கு ஆறு மாசம் கழித்து அந்த ஷெட்டே கடை ஆனது. போர்டில் மலையாளத்தில் உபபோக்தா சஹகரண ஸ்டோர் என்று நீளமாக எழுதினார்கள், பெரியமுத்து சித்தப்பா தமிழில் பண்டகசாலை என்று அடியில் எழுதச் சொன்னார், நமக்கெல்லாம் அது முதல் நாளிலிருந்தே சொசைட்டிதான். பங்கு எடுத்தவர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுத்தது உன் அப்பாதான். பதினாறு பேருக்கு எழுதிக் கொடுத்துவிட்டுக் கடைசியில் தனக்கு எழுதினார், தொடங்கிவைத்த மனிதருக்குப் பதினேழாம் நம்பர் கிடைத்தது. அன்றைக்கு நான் அவரோடு சண்டை பிடித்தேன், எதிலாவது ஒரு தடவை முந்திக்கொள்ள மாட்டீரா என்று. அவர் சிரித்துக்கொண்டே வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவினார்.

அப்போது சட்ட விதி எழுத வந்த அதிகாரி, பொதுக்குழு கூடுவதற்குக் கொஞ்சம் பேர் வந்தால் போதும் என்று எழுதிக்கொள்ளுங்கள், அதுதான் வழக்கம் என்று சொல்லியிருக்கிறார். இவர்கள் கேட்கவில்லை. நாமெல்லாம் ஒரே வரிசை லய வீடுகளில்தானே இருக்கிறோம், யார் வராமல் இருப்பார்கள், பாதிப் பேராவது உட்காராமல் ஒரு முடிவும் எடுக்கக் கூடாது என்று மீசையை முறுக்கிக்கொண்டு எழுதிவைத்தார்கள். அந்தப் பாதிதான் இன்றைக்குக் கழுத்தைப் பிடிக்கிறது.

ஆனாலும் எப்படி நடத்தினார்கள் தெரியுமா. ஆடி மாசத்து ஈரத்தில் உப்பு மூட்டை தானாகக் கரைந்து ஓடிவிடும் என்று உன் அப்பா, தான் வேலை செய்த, தேயிலை காய்கிற டிரையர் ரூமுக்குப் பின்னால் பாக்டரிப் பொறுப்பாளர் டீ மேக்கரிடம் கெஞ்சி இடம் வாங்கி உப்பை அங்கே அடுக்கினார். அந்த வருடமெல்லாம் மேல் டிவிஷனில் எந்த வீட்டு ரசத்தை மோந்து பார்த்தாலும் தேயிலை வாசனை அடித்தது. தீப்பெட்டிக் கட்டுகள் பெரியமுத்து சித்தப்பா வீட்டு அடுப்புக்கு மேலே பரணில் இருந்தன. அரிசி லாரி பாலத்துக்கு அந்தப் பக்கமே நின்றுவிடும், நாங்கள் பொம்பளைகள் கொழுந்துக் கூடையைக் கவிழ்த்துவிட்டுப் போய்த் தலைச்சுமையாக ஏற்றிக்கொண்டு வருவோம். மேகத்துக்குள் மூட்டை மூட்டையாய் ஏறி வருவதைத் தூரத்திலிருந்து பார்த்தால் ஆள் தெரியாது, மூட்டைகளே நடந்து வருகிற மாதிரி இருக்கும். இப்போதெல்லாம் அதை நான் கனவில் காண்கிறேன். கனவில் மூட்டை கனப்பதே இல்லை.

கடையில் நம்பர் சொல்லிக் கூப்பிடுகிற வழக்கமும் உன் அப்பா வைத்ததுதான். வேலைக்கு ஆள் எடுக்கிற பெரட்டுக்களத்தில் கங்காணி விடியக்காலையில் பேரைச் சொல்லிக் கத்துவதைக் கேட்டுக் கேட்டு அவருக்கு வெறுத்துப்போயிருந்தது, நம் கடையிலாவது யாரும் யார் பேரையும் அதட்டிக் கூப்பிட வேண்டாம், நம்பரை மெதுவாகச் சொன்னால் போதும் என்றார். சனிக்கிழமை நாலு மணிக்குக் கொழுந்து நிறுத்து முடித்து எல்லோரும் வந்து வரிசையில் நிற்போம், நம்பர் சொன்னதும் ஆம்பளை வந்திருந்தால் இருக்கேன் என்பான், அவன் வராமல் வீட்டுக்காரி வந்திருந்தால் புருஷனைச் சொல்லி இருக்காக என்பாள். உன் அப்பா ஷிப்டில் இருப்பார், அதனால் பதினொரு வருடம் நான்தான் அவருக்காக இருக்காக என்று சொன்னேன்.

அவர் போன பிறகு வந்த முதல் சனிக்கிழமை எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. நீ தந்தி கிடைத்து நாலாம் நாள் வந்து சேர்ந்து அழுது ஓய்ந்து வீட்டில் படுத்திருந்தாய், அரிசி இல்லையே என்று நான் பையை எடுத்துக்கொண்டு போனேன். உன்னோடு படித்த இன்னாசிராஜ் அப்போதுதான் கடையில் நிறுக்கிற வேலைக்கு வந்திருந்தான், அவன் பழக்கத்தில் பதினேழு என்று சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டும். நானும் பழக்கத்தில் இருக்காக என்று சொல்லிவிட்டேன். ஒருத்தரும் திருத்தவில்லை, ஒருத்தரும் சிரிக்கவில்லை. அடுத்த வாரமும் அவன் கூப்பிட்டான், நானும் சொன்னேன். அதைப் பார்த்து ராமுத்தாய் சித்தி இறந்துபோன தன் வீட்டுக்காரர் வீரபாண்டிக்கும் சொல்ல ஆரம்பித்தாள், அப்புறம் யார் வீட்டில் யார் போனாலும் இருக்காக என்பதே வழக்கமாகிவிட்டது. போன லீவில் நீ என்னோடு கடைக்கு வந்தபோது என்னையும் முந்திக்கொண்டு நீயே சொன்னாய், சொல்லிவிட்டு என் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நின்றாய். அதை நான் இன்றுவரை உன்னிடம் பேசவில்லை. சந்தோஷமாகத்தான் இருந்தது.

இந்த வழக்கம்தான் வினையாக வந்து முடிந்தது. போன மாசம் பொதுக்குழு. புதிதாக வந்திருக்கிற இன்ஸ்பெக்டர் சார் கோட்டயம் பக்கத்துக்காரர், நல்ல மனிதர், குடை பிடித்துக்கொண்டு அட்டைக்கு உப்புத் தடவிக்கொண்டு மலையேறி வந்தார். தனியாகப் பங்கு எடுத்த எங்களைப் போன்ற பொம்பளைகளையும் சேர்த்து உறுப்பினர் நூற்று எண்பத்து நாலு, பாதிக்குத் தொண்ணூற்றிரண்டு பேர் வேண்டும். பெரியமுத்து சித்தப்பா தலைவர் என்ற தோரணையில் எழுந்து நின்று நம்பர் படித்தார், இருக்கேன் இருக்காக என்று பதில் வந்தது, இன்னாசிராஜ் கோடு போட்டுக்கொண்டே போனான், தொண்ணூற்றாறு. இன்ஸ்பெக்டர் சாருக்கு ஒரே மகிழ்ச்சி, இத்தனை பேர் திரள்கிற சொசைட்டியை நான் பார்த்ததில்லை என்று சொல்லிக் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு நிமிர்ந்து பார்த்தார். பார்த்துவிட்டு பெஞ்சின் மேல் ஏறி நின்று விரல் விட்டு எண்ணினார். ஐம்பத்தெட்டுத் தலை. பாக்கி ஆளெவிடே என்று கேட்டார். பெரியமுத்து சித்தப்பா கொஞ்சமும் கள்ளம் இல்லாமல், அவுக எல்லாம் செத்துப் போயிட்டாக சார், ஆனா சனிக்கிழமைக்குச் சனிக்கிழமை தவறாம இருப்பாக என்று சொல்லிவிட்டார்.

எனக்குச் சிரிப்பும் வந்தது, கூடவே பயமும் வந்தது. அந்த மனிதர் முதலில் இது ஏதோ திருட்டு என்று நினைத்துக் கோபப்பட்டார், அப்புறம் எங்கள் முகங்களைப் பார்த்துவிட்டு மெதுவாக உட்கார்ந்தார். எல்லா வருடமும் இப்படித்தான் கூட்டினீர்களா என்றார், ஆமா சார் என்று நாங்கள் எல்லோரும் ஒரே குரலில் சொன்னோம், மடச்சிகள். மரிச்சவரைக் கூட்டி மீட்டிங் நடத்த முடியாது அம்மா என்று என்னைப் பார்த்துச் சொன்னார், நான் கமிட்டியில் இருக்கிறவள் என்பதால். செப்டம்பர் நாலாம் தேதி ஞாயிற்றுக்கிழமை கடைசித் தவணை. அதற்குள் இறந்த முப்பத்தெட்டுப் பேரின் பெயரையும், ஆளுக்கு ஒரு பாரத்தில் வாரிசின் கையெழுத்து வாங்கிப் பட்டியலிலிருந்து முறைப்படி எடுத்துவிட்டால் எழுபத்து மூன்று பேர் கூடினால் போதும், அது நம்மால் முடியும். எடுக்காவிட்டால் பொதுக்குழுவே நடத்தத் தெரியாத சொசைட்டி என்று கலைத்துவிட்டுப் போர்டை இறக்கச் சொல்லிவிடுவார்கள், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார். ஒரு தாள் குறைந்தாலும் பட்டியலை வாங்கமாட்டேன் என்றும் சொல்லிவிட்டார்.

நான் முடியாது என்று சொன்னேன் சிசிலி. உன்னிடம் மறைத்து என்ன ஆகப்போகிறது. பெரியமுத்து சித்தப்பா இரண்டு தடவை வாசலில் வந்து நின்று, மதினி, ஒரு பேரை அடிச்சா மனுசனை அடிச்ச மாதிரி ஆயிருமா, நீங்க போட்டாத்தான் மத்தவளுக போடுவாளுக என்று கெஞ்சினார். உம்ம பொண்டாட்டி வீட்ல இருக்கா, உமக்கென்னய்யா என்று கேட்டுவிட்டேன், பாவம், குடையை எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பேச்சைச் சாமியாரிடம் பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிச் செபம் வாங்கிவிட்டேன். ராமுத்தாயும் மற்றவர்களும் செபமாலை அக்கா போட்டால் போடுகிறோம் என்று என்னைப் பார்த்துக்கொண்டு இருந்தார்கள். வாரம் முழுவதிலும் அவருக்கென்று என்னால் செய்ய முடிகிறது இது ஒன்றுதான் என்று தோன்றும், சனிக்கிழமை நாலு மணிக்கு ஒரே ஒரு சொல். அதையும் பிடுங்குகிறார்களே என்று இருந்தது.

போன மாசம் கடைசி சனிக்கிழமை சரியான மேகம். ஷெட்டுக்கு ஒரு பக்கம் சுவர் கிடையாதே, உள்ளே வந்து அடைத்துக்கொண்டது, தராசும் தெரியவில்லை, இன்னாசிராஜ் ஏற்றிவைத்த விளக்கு மஞ்சளாக ஒரு இடத்தில் மிதந்தது. அவன் நம்பர் சொல்லச் சொல்ல அங்கிருந்தும் இங்கிருந்தும் இருக்கேன் இருக்காக என்று வந்தது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். பழைய காலத்தில் நெருக்கியடித்து நின்ற மாதிரியே இருந்தது. ஷிப்டு முடிந்து வருகிறவர்களின் சட்டையில் ஒரு காய்ந்த சூடு இருக்குமே, அது என் முதுகுக்குப் பின்னால் வந்து நின்ற மாதிரி இருந்தது, திரும்பிப் பார்த்தால் போய்விடும் என்று திரும்பாமல் நின்றேன். பதினேழு வந்தது, சொன்னேன். எவ்வளவு நேரம் அப்படி நின்றேன் என்று தெரியாது.

அப்புறம் கீழேயிருந்து காற்று ஏறி வந்து மேகத்தைத் தூக்கிக்கொண்டு போனது. கண்ணைத் திறந்து பார்த்தால் ஷெட்டுக்குள் இருபது இருபத்தைந்து பொம்பளைகள்தான். ஆனால் வரிசை வாசல் வரைக்கும் நீண்டிருந்தது. ஒவ்வொருத்தியும் தனக்குப் பக்கத்தில் ஓர் ஆள் நிற்கிற அளவு இடம் விட்டு நின்றுகொண்டிருந்தாள். நானும்தான். யாரும் சொல்லி வைத்தது இல்லை, வருடக்கணக்கில் தானாக வந்திருக்கிறது. வெளியே கூரை இறவாணத்தடியில் அன்னாள் நின்றாள், கீழ் லயத்துக்குப் போன வருடம் கல்யாணமாகி வந்த பெண், மார்பில் கைப்பிள்ளை, சாக்கைத் தலையில் போட்டிருந்தும் தோளெல்லாம் நனைந்து பிள்ளை உதடு நீலமாகி இருந்தது. உள்ளே வர வேண்டியதுதானே ஏட்டி, கூறு இருக்கா உனக்கு என்று அதட்டினேன். அவள் என்னைப் பார்த்து, எடம் இல்லயே அத்தை, வரிசையில ஆளு இருக்காகல்லா என்றாள். கேலியாகச் சொல்லவில்லை மகளே, மரியாதையாகத்தான் சொன்னாள்.

எனக்கு என்னவோ ஆகிவிட்டது. உன் அப்பா இருந்திருந்தால் அந்தப் பிள்ளையை வாங்கி டிரையர் ரூமுக்கு ஓடியிருப்பார், தன் இடத்தைக் கொடுத்துவிட்டு மழையில் போய் நின்றிருப்பார். அந்த மனிதர் பேரைச் சொல்லிக்கொண்டு நான் ஒரு கைப்பிள்ளையை மழையில் நிறுத்தியிருக்கிறேன். அன்னாள் கையைப் பிடித்து இழுத்து என் பக்கத்தில் அந்தக் காலி இடத்தில் நிறுத்தினேன், பிள்ளையை என் கம்பளிக்குள் சுற்றிக்கொண்டேன். அது சூடான பிறகு இன்னாசிராஜிடம் போய் பாரத்தைக் கொண்டு வா என்றேன். ராமுத்தாய் என் தோளில் முகத்தை வைத்து அழுதாள், அழுதுகொண்டே கைநாட்டு வைத்தாள். வெள்ளிக்கிழமைக்குள் முப்பத்தேழு தாள் முடிந்துவிட்டது.

முப்பத்தெட்டாவது தாளுக்கு என் கையெழுத்துச் செல்லாதாம். பழைய விண்ணப்பங்களை எடுத்துப் பார்த்தபோதுதான் தெரிந்தது, உமக்குப் பின் இந்தப் பங்கு யாருக்கு என்ற இடத்தில் எல்லா ஆம்பளையும் பொண்டாட்டி பேரை எழுத, உன் அப்பா மட்டும் உன் பேரை எழுதியிருக்கிறார். ஒரு நிமிஷம் எனக்குச் சுருக்கென்றுதான் இருந்தது, பொய் சொல்லமாட்டேன். அப்புறம் பெரியமுத்து சித்தப்பா சொன்னார், எழுதும்போது இவரும் உன் அப்பாவைக் கேட்டாராம் ஏன் இப்படி என்று. எம்பொண்டாட்டி இங்கனயே இருப்பா, அவளுக்கு எழுதி வேற கொடுக்கணுமாக்கும், எம்புள்ளதான் எங்கயாச்சும் தூரமாப் போகும், போனாலும் இங்க அதுக்குன்னு ஒண்ணு இருக்கட்டும் என்றாராம். பதினொரு வயசில் மூக்கு ஒழுகிக்கொண்டு திரிந்த உன்னைப் பார்த்து இது தூரமாகப் போகும் என்று எப்படித்தான் தெரிந்ததோ அவருக்கு. நீ கையெழுத்துப் போட்டால் பொதுக்குழு முடிந்ததும் அந்தப் பங்கு உன் பேருக்கு வரும், ராஞ்சியில் இருந்தாலும் நீ இந்தச் சொசைட்டி உறுப்பினர். போடு என்று நான் கட்டாயப்படுத்தவில்லை, உனக்கு மனசு வராவிட்டால் எனக்குப் புரியும், எனக்கே மூன்று வாரம் ஆனது. ஆனால் நீயும் வேண்டாமென்றால் அன்னாளும் அவளைப் போன்றவர்களும் கைப்பிள்ளையோடு பத்து மைல் நடக்க வேண்டியிருக்கும், அதையும் நினைத்துக்கொள்.

வேறு விசேஷம் ஒன்றும் இல்லை. கூரைத் தகரத்தைக் கம்பெனி ஆள் வந்து பார்த்துவிட்டுப் போனான், மழை விட்டதும் மாற்றுவார்களாம், எந்த மழை என்று சொல்லவில்லை. சொசைட்டிக்கு மலிவு விலைக் கன்ட்ரோல் துணி வந்தது, வரிசையில் நின்று உனக்கு ஊதாப் பூப்போட்ட துணி வாங்கி வைத்திருக்கிறேன், கிறிஸ்துமஸுக்கு வந்தால் தைக்கலாம். ராத்திரி டியூட்டி முடிந்து வெறும் வயிற்றோடு படுக்காதே. அங்கே குளிர் தொடங்குவதற்குள் நெஞ்சுக்குக் கம்பளி வாங்கு, காசைப் பார்க்காதே. மூன்று அருள்நிறைச் செபம் சொல்லிவிட்டுத் தூங்கு.

சேசுவின் திரு இருதயம் உன்னைக் காக்கட்டும், நீ தொடுகிற ஒவ்வொரு நோயாளியும் எழுந்து நடக்கட்டும், உன் அப்பா எங்கே இருந்தாலும் உன் தலையில் கை வைத்திருப்பார். நானும் இங்கேயிருந்தே வைக்கிறேன்.

மறந்துவிடாதே, ஆகஸ்டு முப்பதுக்குள் இங்கே கிடைக்க வேண்டும், ரிஜிஸ்தர் தபாலில் அனுப்பு, மையில் போடு, பென்சில் கூடாது. மற்ற இடமெல்லாம் இன்னாசிராஜ் எழுதிவிட்டான். இறந்த தேதி என்று இருக்கிற இடத்தை மட்டும் நான் எழுதுகிறேன் என்று வாங்கிக்கொண்டேன். கோயில் புத்தகத்தில் சாமியார் எழுதினார், எஸ்டேட்டில் கிளார்க் எழுதினார், உனக்குத் தந்தியில் போஸ்ட்மாஸ்டர் எழுதினார், இந்த ஐந்து வருடத்தில் என் கையால் அதை எழுதியது இன்றைக்குத்தான். எழுத்து கொஞ்சம் கோணலாக இருக்கும், படிக்க முடிகிறதா பார்.

இப்படிக்கு,
உன் அம்மா
சூ. செபமாலையம்மாள்